மின்சாரக் காரும் செய்தித்தாளும்



பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தபோது கால வழுவமைதி என்று ஒரு பகுதியைக் கற்றிருப்பீர்கள். உள்ளே அமர்ந்து உண்டுகொண்டிருக்கும் ஒருவனை வாயிலில் நிற்கும் நண்பன், "புறப்படலாமா?" என்று கூப்பிடுகிறான். உள்ளே இருப்பவன், "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் கொடுக்கிறான். உண்மையில் அவன் வரவில்லை. இன்னும் கைகூடக் கழுவவில்லை. இனி வரப்போகிறவன் "வருவேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் விரைவு காரணமாக, எதிர்காலத்தில் சொல்ல வேண்டியதை இறந்தகாலத்தில் சொல்லிவிடுகிறான். இலக்கண நூலார் இதனைக் குற்றம் என்று தள்ளாமல், அமைதி என்று ஏற்றுக்கொண்டனர். வாயிலில் நிற்கும் நண்பனுக்கு இதனால் நேரும் நஷ்டம் ஐந்து நிமிஷம்தான்.

ஆனால் வாயிலில் நிற்பவன் தன் வாழ்நாள் சேமிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை நம்பி நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்?

நான் முப்பது ஆண்டுகள் சரித்திர ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பங்குச் சந்தையின் நெளிவு சுளிவுகள் எனக்குத் தொழிலல்ல. சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தங்கையின் மேற்படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு, மின்சார வண்டி செய்யும் கம்பெனி ஒன்றின் பங்குகளை அவர் வாங்கியிருந்தார். ஓர் இரவு கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, மறுநாள் காலையில் வாங்கினாராம். ஆறு மாதங்களில் பணத்தில் பாதி கரைந்துவிட்டது. "ஐயா, அந்தச் செய்தி பொய்யா?" என்று கேட்டார். அவர் காட்டியதைப் படித்துப் பார்த்தேன். பொய் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய சொல் அதில் ஒன்றும் இல்லை. "தம்பி, இதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை படித்துப் பார். எல்லாம் எதிர்காலம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன விடையை இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சரித்திர ஆசிரியனிடம் கேட்டதனால் விடையும் சரித்திரமாகவே இருக்கும்.

முதலில், பங்கு என்பது யாது? ஒரு கம்பெனியின் உடைமையைப் பல சிறு கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு. அதை வாங்குகிறவர் அக்கம்பெனியின் இன்றைய இயந்திரங்களிலும் கட்டடங்களிலும் மட்டும் உரிமை பெறுவதில்லை. அது இனி வருங்காலத்தில் ஈட்டப்போகும் இலாபத்திலும் உரிமை பெறுகிறார். பல ஆண்டுகளாக நடந்துவரும் சர்க்கரை ஆலையின் இலாபத்தை ஒருவாறு கணக்கிட்டுவிடலாம். நேற்றைய வரவு செலவு ஏடு நாளைக்கு ஓரளவு சாட்சி சொல்லும். புதிதாகத் தோன்றிய மின்சாரக் கார் கம்பெனிக்கோ நேற்று என்பதே இல்லை. அதன் பங்கு விலையில் பெரும்பகுதி, இன்னும் கட்டாத தொழிற்சாலையையும் இன்னும் ஓடாத காரையும் எண்ணிக் கொடுக்கும் விலை. அந்த எண்ணத்தை வளர்ப்பதும் சிதைப்பதும் செய்தி. ஆகவேதான் இத்தகைய கம்பெனியைப் பற்றி ஒரு வரி வெளிவந்தாலும் விலை துள்ளுகிறது அல்லது துவள்கிறது.

இது இந்த நூற்றாண்டில் தோன்றிய புதுமை என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1897-ஆம் ஆண்டில் அந்நகரத்துத் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. குதிரை இல்லை; புகை இல்லை; சத்தமும் அதிகம் இல்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த மாரிஸ், சாலம் என்ற இருவர் அமைத்த வண்டிகள் அவை. பாட்டரித் தொழிலில் முன்னணியில் இருந்த ஐசக் ரைஸ் என்பவர் அவர்களுடைய தொழிலை வாங்கி, அதே ஆண்டில் எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி என்ற பெயரில் நடத்தினார். பாட்டரியில் மின்சாரம் தீர்ந்ததும் வண்டியை நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். கனத்த பாட்டரிப் பெட்டியை இயந்திரத்தால் வெளியே இழுத்து, நிரப்பி வைத்த வேறொரு பெட்டியை உள்ளே தள்ளி, சில நிமிஷங்களில் வண்டியை அனுப்பிவிடுவார்கள். இன்று புதுமை என்று பேசப்படும் பாட்டரி மாற்று முறை அன்றே நடைமுறையில் இருந்தது.

1899-இல் வில்லியம் விட்னி முதலிய பெருஞ்செல்வர்கள் இக்கம்பெனியைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். விட்னி அமெரிக்கக் கடற்படை அமைச்சராக இருந்தவர்; டிராம் வண்டித் தொழிலில் பெரும் பணம் ஈட்டியவர். நியூயார்க்கில் மட்டுமல்ல, பாஸ்டன், சிகாகோ முதலிய பெருநகரங்களிலும் கிளைக் கம்பெனிகள் தோன்றும், ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகள் ஓடும் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு மலையாக எழுந்தது. அதன்மேல் பங்கு விலையும் ஏறியது. தெருவில் ஓடிய வண்டிகளோ அந்த அறிவிப்பில் சிறு பகுதிகூட இல்லை. அவ்வண்டிகளின் ஈய பாட்டரிகளும் கரடுமுரடான தெருக்களில் குலுங்கி விரைவில் பழுதடைந்தன.

அக்காலத்திலும் பத்திரிகைகள் இரு கட்சியாக நின்றன. ஹார்ஸ்லெஸ் ஏஜ் என்ற மோட்டார் துறைப் பத்திரிகை இக்கம்பெனியை விடாது தாக்கி வந்தது. பாட்டரியிலுள்ள ஈயத்தைச் சுட்டி, "ஈய வண்டிக் கூட்டு" என்று கேலிப் பெயரும் வழங்கியது. பிறகு 1899-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் ஹெரால்டு என்ற நாளிதழ், இக்கம்பெனி பெற்ற கடன் ஒன்றில் மோசடி இருக்கிறது என்று வெளிப்படுத்தியது. பங்கு விலை சரிந்தது. கிளைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தாய்க் கம்பெனியோ, மோட்டார் காருக்கே தனக்கு உரிமை உண்டு என்று செல்டன் காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் பிறரிடம் கட்டணம் வாங்கிப் பிழைத்தது, 1907-இல் நொடித்துப்போயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெட்டுப்போனது ஒரு கம்பெனியின் பெயர் மட்டுமன்று. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றுள் 1,681 நீராவியால் ஓடின. 1,575 மின்சாரத்தால் ஓடின. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே. மின்சார வண்டி ஏளனத்துக்கு உரிய நிலையில் அன்று இல்லை. பின்னர் அது தோற்றதற்கு விலை மலிந்த ஃபோர்டு கார், 1912-இல் வந்த மின்விசைத் தொடக்கி, நாடெங்கும் கிடைத்த பெட்ரோல் எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், மிகையான அறிவிப்பை நம்பிப் பணம் இழந்தவர்கள் அடுத்த முறை அந்தத் தொழிலில் பணம் போடத் தயங்குவார்கள் என்பது இயற்கை. பொய்யான எதிர்காலம், மெய்யாக வரக்கூடிய எதிர்காலத்தையும் கெடுத்துவிடுகிறது.

இனி ஒரு நூற்றாண்டைத் தாண்டி வருவோம். 2003-இல் கலிபோர்னியாவில் டெஸ்லா என்ற மின்சாரக் கார் கம்பெனி தோன்றியது. 2010-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. அன்றைய கணக்கில் பங்கு ஒன்றின் விலை 17 டாலர். அக்கம்பெனிக்கு 2013-ஆம் ஆண்டு ஒரு சோதனை ஆண்டு. செய்திக்கும் பங்கு விலைக்கும் உள்ள உறவை அறிய விரும்பும் மாணவனுக்கு அந்த ஓராண்டே ஒரு பாடப் புத்தகம் போன்றது.

பிப்ரவரி மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் டெஸ்லாக் காரைக் குளிர்காலத்தில் ஓட்டிச் சென்ற அனுபவத்தை எழுதினார். வழியில் மின்சாரம் தீர்ந்து, அந்தக் கார் ஒரு லாரியின் மேல் ஏற்றிச் செல்லப்பட்டது. படமும் வெளியாயிற்று. கம்பெனியின் தலைவர் ஈலான் மஸ்க், காரிலிருந்த கருவி பதிவுசெய்த எண்களை வெளியிட்டு, நிருபர் எழுதியது தவறு என்று வாதாடினார். அதே பத்திரிகையில் வாசகர் சார்பில் விசாரிக்கும் பொறுப்பாசிரியர் ஆராய்ந்து, நிருபரின் நேர்மையில் குறை இல்லை, ஆனால் குறிப்பெடுத்ததிலும் முடிவெடுத்ததிலும் கவனம் போதவில்லை என்று தீர்ப்பளித்தார். அந்தக் கட்டுரையினால் கம்பெனியின் மதிப்பு பத்துக் கோடி டாலர் வரை குறைந்திருக்கலாம் என்று மஸ்க் கூறினார். ஒரு காரின் ஒரு பயணம் பற்றிய ஒரு கட்டுரைக்கு இத்தனை பலம்.

மே மாதத்தில் காற்று திசை மாறியது. டெஸ்லா தன் முதல் காலாண்டு இலாபத்தை அறிவித்தது. மறுநாள், பொருள்களைச் சோதித்து வாங்குவோருக்கு வழிகாட்டும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற இதழ் அந்தக் காருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் கொடுத்தது. ஒரே நாளில் பங்கு விலை நூற்றுக்கு 24 வீதம் ஏறியது. உயர்ந்த விலையைப் பயன்படுத்திக்கொண்டு கம்பெனி புதிய பங்குகளையும் கடன் பத்திரங்களையும் விற்றுப் பணம் திரட்டியது. அமெரிக்க அரசாங்கத்திடம் வாங்கியிருந்த 46½ கோடி டாலர் கடனை அதே மாதம் 22-ஆம் நாள் அடைத்துவிட்டது. உரிய கெடுவுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே அடைத்தது.

மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். செய்தி விலையை மாற்றுகிறது என்பதோடு கதை முடிவதில்லை. விலை உயர்ந்தால் கம்பெனி எளிதாகப் பணம் திரட்டுகிறது. அந்தப் பணம் தொழிற்சாலையாகிறது. தொழிற்சாலை காரைச் செய்கிறது. விலை வீழ்ந்தால் பணம் கிடைப்பது அரிதாகி, செய்ய முடிந்த காரையும் செய்ய முடியாமல் போகலாம். நிழல் பொருளை ஆட்டுவிக்கும் விந்தை இது. செய்தியை எழுதுபவர் நடந்ததை எழுதுவதாக நினைக்கிறார். சில வேளைகளில் நடக்கப்போவதற்கும் அவர் காரணமாகிவிடுகிறார்.

அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் வாஷிங்டன் மாநிலத்தில் சாலையில் கிடந்த இரும்புத்துண்டில் ஒரு டெஸ்லாக் கார் மோதி, தீப்பற்றி எரிந்தது. ஓட்டியவருக்குக் காயம் இல்லை. வழிப்போக்கர் எடுத்த அசையும் படம் மறுநாள் உலகெங்கும் பரவியது. அன்று பங்கு விலை நூற்றுக்கு 6 வீதம் வீழ்ந்தது. பெட்ரோல் கார்கள் எரிவது அமெரிக்காவில் அன்றாட நிகழ்ச்சி, அவை செய்தியாவதில்லை. புதியது எரிந்தால் அது செய்தி. மேலும் இரண்டு கார்கள் எரிந்தபின் அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. 2014 மார்ச்சில் கம்பெனி காரின் அடிப்பக்கத்துக்கு டைட்டானியத் தகடு பொருத்துவதாக அறிவித்தது. துறையும் விசாரணையை முடித்தது. தீப்பிடித்த செய்தியை எத்தனை பேர் படித்தார்கள்! தகடு பொருத்திய செய்தியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? கலக்கத்தோடு பங்கை விற்றவர்கள் இரண்டாவது செய்திக்காகக் காத்திருக்கவில்லை.

இதுவரை சொன்னவை நடந்த காரியங்கள் பற்றிய செய்திகள். இனி நடக்கப்போகும் காரியங்கள் பற்றிய செய்திகளுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டின் இறுதிக்குள் வாரத்துக்கு 5,000 'மாடல் 3' கார்கள் செய்வோம் என்றது டெஸ்லா. அது நடக்கவில்லை. மார்ச் என்றார்கள், பிறகு ஜூன் என்றார்கள். 2018 ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. தாமதமாயினும் எதிர்காலம் இறந்தகாலமாயிற்று. ஆகவே எதிர்காலத்தில் பேசுவோரெல்லாம் பொய்யர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்காலத்தில் பேசாதவன் தொழிற்சாலை கட்ட முடியாது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் நடந்தது வேறு வகை. அன்று ஈலான் மஸ்க் ட்விட்டரில் ஒரு குறுஞ்செய்தி வெளியிட்டார். பங்கு ஒன்றுக்கு 420 டாலர் கொடுத்துக் கம்பெனியைப் பொதுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள எண்ணுகிறேன் என்றார். எண்ணம் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் பெரிய தீங்கு இல்லை. அதற்கான பணம் உறுதியாகிவிட்டது என்றும் சேர்த்தார். பார்த்தீர்களா, இங்கேதான் நம் இலக்கணம் வருகிறது! "உறுதியாகும்" என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் "உறுதியாகிவிட்டது" என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அன்று விலை நூற்றுக்கு 11 வீதம் உயர்ந்தது. பதினேழே நாட்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. விலை உயர்ந்திருந்த அந்த இடைவேளையில் வாங்கியவர்களும், விலை வீழும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்களும் நஷ்டப்பட்டனர்.

அமெரிக்கப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ஆணையம் செப்டம்பர் 27-ஆம் நாள் வழக்குத் தொடுத்தது. மறுநாள் விலை நூற்றுக்கு 14 வீதம் சரிந்தது. அதற்கு மறுநாளே சமரசம் ஏற்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், மஸ்க் 2 கோடி டாலரும் கம்பெனி 2 கோடி டாலரும் கட்டுவது என்றும், மஸ்க் நிர்வாக சபைத் தலைமையிலிருந்து மூன்று ஆண்டுகள் விலகியிருப்பது என்றும் உடன்பாடு. பின்னர்ப் பங்குதாரர்கள் தொடுத்த தனி வழக்கில் அந்தச் செய்தி உண்மைக்கு மாறானது என்று நீதிபதி கூறியிருந்தார்; எனினும் 2023 பிப்ரவரியில் ஜூரிகள் மஸ்க் நஷ்டஈடு தரப் பொறுப்பாளி அல்லர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். சட்டத்தின் தீர்ப்பு எப்படியாயினும், ஒரு வினைச்சொல்லின் கால விகுதியைப் பற்றி இத்தனை வழக்குரைஞர்கள் வாதாடியது இலக்கண ஆசிரியர்கள் மகிழக்கூடிய செய்தி.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லுவர். காதால் கேட்டதைப் பார்த்தோம். கண்ணால் கண்டதற்கு ஒரு சான்று வேண்டுமானால் நிகோலா என்ற கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

நிகோலா, மின்சாரத்தாலும் ஹைட்ரஜனாலும் ஓடும் பெரிய லாரிகளைச் செய்வோம் என்று கிளம்பியது. அதை நிறுவியவர் டிரெவர் மில்டன். 2020 ஜூன் மாதத்தில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. விற்பனைக்கென்று ஒரு லாரியைக்கூட அதுவரை அனுப்பாத அக்கம்பெனியின் மொத்த மதிப்பு, நூறாண்டு கண்ட ஃபோர்டு கம்பெனியின் மதிப்பைச் சில நாட்கள் விஞ்சி நின்றது. செப்டம்பர் 8-ஆம் நாள், ஜெனரல் மோட்டார்ஸ் இக்கம்பெனியோடு கூட்டுச் சேரப்போகிறது என்ற செய்தி வந்தது. ஒரே நாளில் விலை நூற்றுக்கு 40 வீதம் ஏறியது.

இரண்டே நாட்களில் ஹிண்டன்பர்க் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. 2023-இல் நம் நாட்டிலும் பெயர் அடிபட்ட அதே நிறுவனம். 2018-இல் நிகோலா வெளியிட்ட ஓர் அசையும் படத்தில் அழகிய லாரி ஒன்று சமவெளிச் சாலையில் விரைந்து ஓடியது. அந்த லாரி தன் விசையால் ஓடவில்லை, அதனை ஒரு மேட்டின் உச்சிக்கு இழுத்துச் சென்று, சரிவில் உருட்டிவிட்டுப் படம் பிடித்தார்கள் என்றது அறிக்கை. நிகோலா கொடுத்த மறுமொழியோ விசித்திரமானது. லாரி தன் சொந்த விசையால் ஓடுகிறது என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லையே என்றது! "ஓடுகிறது" என்று சொல்லவில்லை என்பது உண்மை. ஓடுவதைக் காட்டினார்கள், பார்த்தவர்களின் மனம் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டது.

அந்த மாதமே மில்டன் பதவி விலகினார். சமூக ஊடகங்களிலும் பேட்டிகளிலும் பேசிச் சிறு முதலீட்டாளர்களை ஏமாற்றினார் என்பது அரசாங்க வழக்குரைஞர்களின் குற்றச்சாட்டு. 2022 அக்டோபரில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். 2023 டிசம்பரில் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்கு முந்திய மாதம் நிகோலா கம்பெனி நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனுச் செய்துகொண்டிருந்தது. தலைவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. பங்கு வாங்கியவருக்குப் பணம் கிடைப்பது அவ்வளவு எளிதன்று.

ஹிண்டன்பர்க் நிறுவனமும் தருமத்துக்காக மட்டும் உழைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். தன்னிடம் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பிக் கொடுத்து இலாபம் அடைபவர்கள் உண்டு. சந்தையில் இவர்களைக் கரடிகள் என்பர். அந்நிறுவனம் அந்த வகையினதாக இருந்தது. அதைத் தன் அறிக்கையிலேயே ஒளிக்காமல் சொல்லியிருந்தது. ஆகவே உண்மையைச் சொன்னவருக்கும் ஆதாயம் இருந்தது. சொல்பவருக்கு ஆதாயம் இருப்பதனால் மட்டும் ஒரு செய்தி பொய்யாகிவிடாது. ஆதாயம் இல்லாததனால் மட்டும் மெய்யாகிவிடாது. யாருக்கு என்ன ஆதாயம் என்று தெரிந்துகொண்டு, பிறகு சான்றைப் பார்ப்பதே அறிவுடைமை.

கடைசியாக ஒரு சிறு கதை. 2021 அக்டோபர் 25-ஆம் நாள், வாடகைக் கார் விடும் ஹெர்ட்ஸ் கம்பெனி டெஸ்லாவிடமிருந்து ஓர் இலட்சம் கார்கள் வாங்குவதாக அறிவித்தது. டெஸ்லாப் பங்கு ஒரே நாளில் நூற்றுக்கு 12 வீதத்துக்கு மேல் ஏறியது. கம்பெனியின் மொத்த மதிப்பு முதன்முறையாக ஓர் இலட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஒரு வாரம் கழித்து ஈலான் மஸ்க்கே, இன்னும் ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தாகவில்லை என்று எழுதினார். 2024 ஜனவரியில், தன்னிடமுள்ள மின்சாரக் கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியான 20,000 கார்களை விற்றுவிடப் போவதாக ஹெர்ட்ஸ் அறிவித்தது. 20,000 என்பது மூன்றில் ஒன்றானால் முழுமை எவ்வளவு என்ற கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். ஓர் இலட்சம் என்ற முதற்பக்கச் செய்தியோடு அந்த விடையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நண்பர்களே, இக்கதைகளைச் சொன்னது பங்கு வாங்காதீர்கள் என்று தடுப்பதற்கன்று. மின்சாரக் கார் வெறும் கனவும் அன்று. உலகமெங்கும் கோடிக்கணக்கில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. 1899-இல் நியூயார்க்கில் சொன்ன எதிர்காலம் பொய்யான கைகளில் அகப்பட்டுக் கெட்டதே தவிர, கருத்து கெட்டதன்று. பத்திரிகைகளைப் பழிப்பதும் என் நோக்கமன்று. ஹெரால்டு எழுதியிராவிட்டால் இன்னும் பலர் பணம் இழந்திருப்பார்கள். விரைவாக வரும் செய்தி நமக்குத் தேவை. ஆனால் அது விரைவாக வருகிறது என்பதனாலேயே, நாமும் விரைவாக முடிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சரித்திர மாணவன் ஒரு செப்பேட்டைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கிறான். இதைச் சொல்பவர் யார்? சொன்னதற்கு வேறு சாட்சி உண்டா? இதற்குப் பின் என்ன நடந்தது? கைப்பேசியில் வரும் செய்தியிடமும் இவற்றையே கேளுங்கள். நான்காவதாக என் கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வினைச்சொல் எந்தக் காலம்? "செய்தது" என்றால் கணக்கேட்டைத் தேடுங்கள். "செய்கிறது" என்றால் யார் கண்டார் என்று கேளுங்கள். "செய்யும்" என்றால், அந்த நாள் வரும்வரை உங்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த மாணவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் மிச்சப் பணத்தை எடுத்துத் தங்கையின் முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். இரண்டாம் ஆண்டுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறார். சென்ற வாரம் வந்தபோது கையில் ஒரு செய்தித்தாள் இருந்தது. அதில் "வரும்", "ஓடும்", "உயரும்" என்ற சொற்களுக்கு அடியிலெல்லாம் பென்சிலால் கோடிட்டிருந்தார். "ஐயா, ஒரு பத்தியில் பதினொன்று இருக்கின்றன" என்றார். அவர் முகத்தில் சிறு புன்னகை. பங்கு வாங்கினீரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.